கோமுகி நிரம்பினா கப்பல் ஏறாதீங்க!

கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்களிடம் 'எங்கேப்பா டூர்?' என்று கேட்டால் பதில் ரெடி. மழைக்காலம் என்றால் கல்வராயன்மலை, மேகம் அருவி. மே மாசம் என்றால் கரியாலூர் கோடை விழா. பைக்கில் பெட்ரோல், பையில் பரோட்டா பார்சல், முடிஞ்சது கதை!

இப்போது பல பேருக்குக் கப்பல் ஆசை வந்திருக்கிறது. அந்தமான், லட்சத்தீவு, நீலக்கடல், ஆளில்லாத மணல்... ஆசையில் தப்பே இல்லை. எந்த மாசம் போவது என்பதில்தான் இருக்கிறது வில்லங்கம். கல்யாணத்துக்கு ஆவணியா, தையா என்று பார்க்கிற நாம், கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தமானுக்கு இரண்டு மழை. மே கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை போகும். அது ஓய்ந்ததும் வங்கக்கடலில் புயல் சீசன். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் (இப்போது ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு) ஆயிரத்துக்கும் மேற்பட்ட டூரிஸ்ட்டுகள் மாட்டிக்கொண்டார்கள். படகு ஓடவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் மீட்டன. அதே சின்னம்தான் 'வர்தா' புயலாகி, டிசம்பர் 12-ல் சென்னையைப் புரட்டிப் போட்டது. பத்து நாள் லீவில் போனவன் பதினைந்தாம் நாள் திரும்பினால், மேனேஜர் வானிலை அறிக்கையா கேட்பார்?

லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து போகணும். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு. அக்டோபர் முதல் மே பாதி வரை சீசன். அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது, நம்ம நாட்டுக்காரர்களுக்கும்தான். அதனால் முன்கூட்டியே விண்ணப்பிக்கணும்.

நம்ம ஊருக்குச் சுலபமான கணக்கு இது: கோமுகி அணை நிரம்புகிற சமயம், மேகம் அருவி கொட்டுகிற சமயம், கப்பல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்!

மிச்சம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. இதிலும் கழித்தல் கணக்குப் போடுவோம். ஜனவரி பாதி வரை புத்தாண்டு, பொங்கல் கூட்டம். மார்ச் என்றால் ஆபீஸில் இயர் எண்டிங். லீவு கேட்டால் ஆடிட்டரே அழுவார். ஏப்ரல் பின்பாதியில் பள்ளிக்கூட லீவு. தீவே திருவிழா ஆகிவிடும். ஆக, பிப்ரவரி! பரீட்சை நெருங்குவதால் குடும்பக் கூட்டம் குறைவு, கடலும் சாது. ஒரே ஆபத்து, தை மாசி முகூர்த்தம். வந்திருக்கிற பத்திரிகைகளை முதலில் பார்த்துவிடுங்கள். தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினால், அந்தப் புயல் லேசில் கரையைக் கடக்காது.

அடுத்தது லீவுக் கணக்கு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் சுமார் 60 மணி நேரம். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் ஈ.எல். மொத்தமும் தண்ணீரிலேயே போயிடும். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் தீவில் ஐந்து நாள் நிம்மதியாக இருக்கலாம். கப்பல் புறப்படும் தேதி மாறுவது சகஜம். அதனால் கையிருப்பாக ஒரு நாள் லீவு வைத்திருங்கள். வாந்தி வருகிற உடம்பு என்றால், டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளணும். தலை சுற்றிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

அமாவாசையை ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் விசேஷம். ஹேவ்லாக் கரையில் இருட்டு ராத்திரிகளில் அலையைக் கையால் கலக்கினால் நீலமாக மின்னும். நுண்ணுயிர்கள் செய்கிற வேலை. நிலா வெளிச்சத்தில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். நடுக்கடலில் செல்போன் டவர் கிடையாது. மேனேஜர் கூப்பிட முடியாது என்பது சந்தோஷம்தான். அம்மாவும் கூப்பிட முடியாதே! வீட்டுக்கு ஒரே பிள்ளை, அப்பாவுக்கு பி.பி. என்றால், அந்த மூன்று நாளைக்கு அவசரம் என்றால் ஓடிவர ஒரு ஆளை ஏற்பாடு பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். மனசு அமைதியாக இல்லாவிட்டால் அமைதியான தீவினால் என்ன லாபம்?

பிப்ரவரியில் லீவு கிடைக்கவில்லையா? விடுங்க பிரதர், அடுத்த பிப்ரவரி வரும். கடல் கோபித்துக்கொள்ளும் மாசங்களில்தான் கல்வராயன்மலையில் அருவி கொட்டுமே!