ரெசினோடு விளக்கமும் விற்போம்

2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் பைபர் படகுகள் பெருகின. சல்லி போன்ற கரையோரக் கிராமங்களின் மீனவர்களுக்கு ரெசின் விற்கும் சகோதரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கலக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள்.

பொலியெஸ்டர் ரெசினுக்கு நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு ஹார்ட்னர் போதும். வெயிலுக்கேற்ப அந்த எல்லைக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபொக்சி அப்படியல்ல. அதில் ஹார்ட்னரும் ரெசினோடு இணைந்தே இறுகுகிறது. எனவே டின்னில் உள்ள விகிதம் மாறக்கூடாது. கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்புக் கணக்கு; ஒட்டு பிசுபிசுத்து வலுவிழக்கும். பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். கையில் ஒட்டாவிட்டாலும் முழு வலு வரச் சில நாட்களாகும்.

நடுக்கடலில் ஒட்டு விட்டால் உயிருக்கே ஆபத்து. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைக் கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. சரியான அளவைச் சொல்லி விற்பதும் அந்த நேர்மையில் சேர்ந்ததே.