பழமையான உலக உருண்டைகள் சேகரிப்பு

பழமையான உலக உருண்டைகள் சேகரிப்பு என்பது, பெரும்பாலும் 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட புவி உருண்டைகளையும் வான் உருண்டைகளையும் ஏலத்திலோ வணிகரிடமோ வாங்கிப் பேணும் வழக்கம் ஆகும். தம் காலத்தில் இவை கல்விக் கருவிகளாகவும் செல்வர் வீட்டு நூலகங்களின் அணிகலன்களாகவும் விளங்கின. ஓர் உருண்டை ஒரே நேரத்தில் நிலப்படம், அறிவியல் கருவி, அறைகலன் ஆகிய மூன்றுமாக உள்ளது. எனவே ஏல நிறுவனங்கள் இதனைச் சில வேளைகளில் அறிவியல் கருவிகளுடனும், சில வேளைகளில் மேசை, கடிகாரம், பளிங்குச் சிலை போன்ற அலங்காரப் பழம்பொருட்களுடனும் சேர்த்து விற்கின்றன.

வரலாறு

இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய புவி உருண்டை, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் மார்ட்டின் பெகைம் என்பவரின் மேற்பார்வையில் 1490–1492 காலப்பகுதியில் செய்யப்பட்டது. சுமார் 51 செ.மீ. விட்டமுள்ள இது, அந்நகரின் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கொலம்பஸ் தன் முதற் பயணத்திலிருந்து திரும்பியது 1493இல் என்பதால் இதில் அமெரிக்கக் கண்டங்கள் இல்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே வெறும் கடலும் தீவுகளும் மட்டுமே உள்ளன.

வான் உருண்டைகள் இதனினும் மிகப் பழமையானவை. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள பர்னேசே அட்லஸ் என்னும் உரோமானியப் பளிங்குச் சிலை, விண்மீன் குழாங்கள் செதுக்கப்பட்ட கோளம் ஒன்றைத் தோளில் தாங்கி நிற்கிறது. முகலாயர் காலத்தில் லாகூர், காஷ்மீர்ப் பகுதிக் கைவினைஞர்கள், மெழுகு வார்ப்பு முறையில் இணைப்பே இல்லாத உள்ளீடற்ற உலோக வான் உருண்டைகளைச் செய்தனர். இரு அரைக்கோளங்களை ஒட்டுவதை விட இது பன்மடங்கு கடினமான வேலையாகும்.

கையால் வரையப்பட்ட உருண்டை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அச்சுக்கலை இந்நிலையை மாற்றியது. 1507இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் 12 கீற்றுகள் கொண்ட சிறிய உலகப்படம் ஒன்றை அச்சிட்டார். வெட்டி ஒட்டினால் சுமார் 11 செ.மீ. விட்டமுள்ள உருண்டை கிடைக்கும். இதுவும், அதே ஆண்டில் அவர் வெளியிட்ட பெரிய சுவர்ப்படமுமே "அமெரிக்கா" என்ற பெயரை முதலில் தாங்கியவை. பின்னர் ஜெரார்டஸ் மெர்க்காத்தர் 1541இல் புவி உருண்டையையும் 1551இல் அதற்கு இணையான வான் உருண்டையையும் வெளியிட்டார். புவி, வான் என இணையாக விற்கும் வழக்கம் அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கும் நீடித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமின் ஹோண்டியஸ், பிளாவ் குடும்பங்கள் இத்தொழிலில் போட்டியிட்டன. வெனிஸ் நகரத் துறவி வின்சென்சோ கொரோனெல்லி, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்காக 1681–1683இல் ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமுள்ள இரு உருண்டைகளைச் செய்தார். இவை தற்போது பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 18ஆம் நூற்றாண்டில் இத்தொழிலின் மையம் லண்டனுக்கு நகர்ந்தது. இன்று ஏலங்களில் காணப்படும் உருண்டைகளில் கணிசமானவை கேரி, நியூட்டன், மால்பி முதலிய லண்டன் நிறுவனங்களின் 19ஆம் நூற்றாண்டுத் தயாரிப்புகளே.

அமைப்பு

வழக்கமான அச்சு உருண்டையின் உட்பகுதி காகிதக் கூழால் ஆன இரு அரைக்கோளங்கள் ஆகும். நடுவில் மர அச்சு ஒன்று அவற்றைத் தாங்கும். மேலே சாந்து பூசி வழவழப்பாக்குவர். சாந்து எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக அமையாததால் உருண்டை ஒருபுறம் சாயும். அதைச் சமன் செய்ய உள்ளே ஈயக் குண்டுகள் நிரம்பிய சிறு பை ஒட்டப்படும். பின்னர் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட, நடுவில் அகன்று முனைகளில் கூம்பும் கீற்றுத் தாள்கள், பெரும்பாலும் 12, ஈரப்பதத்துடன் ஒட்டப்படும். ஈரத்தாள் சிறிது நீளும். கீற்றுகள் இடைவெளியின்றியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பொருந்துவது ஒட்டுபவரின் கைத்திறனைப் பொறுத்தது. இறுதியாகக் கையால் வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசுவர். பழைய உருண்டைகளின் பழுப்பு நிறம் பெரும்பாலும் தாளினுடையதன்று, முதிர்ந்த வார்னிஷினுடையது. உருண்டை பித்தளை நெடுங்கோட்டு வளையத்தில் சுழலும். நாட்காட்டியும் இராசிகளும் அச்சிட்ட மர அடிவான வளையம் அதைச் சூழ்ந்திருக்கும்.

காலத்தை அறிதல்

தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் பொறித்த தலைப்புக் கட்டம் உருண்டையின் மீதே இருக்கும். ஆயினும் அந்த ஆண்டை அப்படியே நம்புதல் கூடாது. செப்புத் தகடு செதுக்குதல் செலவு மிக்கது என்பதால், ஒரே தகடு பல்லாண்டுகள் பயன்பட்டது. தலைப்பில் பழைய ஆண்டு இருக்க, நிலப்பரப்பில் மட்டும் புதிய எல்லைகள் சேர்க்கப்பட்ட உருண்டைகள் பல உள்ளன.

எனவே சேகரிப்பாளர்கள் ஊர்ப் பெயர்களையும் எல்லைகளையும் படிக்கின்றனர். கலிபோர்னியா தீவாக வரையப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டையோ 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையோ சேர்ந்தது. அது தீவன்று என ஸ்பெயின் மன்னர் 1747இல் ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே "கொங் மலைத்தொடர்" காணப்பட்டால் காலம் 1798க்குப் பிற்பட்டது. அவ்வாண்டில் வெளியான ஜேம்ஸ் ரென்னலின் படத்திலிருந்து புறப்பட்ட அந்த இல்லாத மலை, 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பேங்கர் நேரில் சென்று பார்க்கும் வரை பல படங்களில் நிலைத்திருந்தது. வான் டீமன்ஸ் நிலம் 1856இல் தாஸ்மானியா ஆனது. அலாஸ்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெட்ரோகிராட், 1924இல் லெனின்கிராட் எனப் பெயர் மாறியது. பெட்ரோகிராட் என்ற பெயருள்ள உருண்டையின் காலத்தைப் பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். சிலோன் என்ற பெயர் 1972இல் இலங்கைக் குடியரசு என மாறியது, எனினும் இந்த அடையாளம் பள்ளிக்கூட உருண்டைகளுக்கே பயன்படும்.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: புதிய பெயர் இருப்பது உருண்டை அதற்குப் பிற்பட்டது என்பதை உறுதிப்படுத்தும், ஆனால் பழைய பெயர் இருப்பது அது முற்பட்டது என்பதை உறுதிப்படுத்தாது. திருத்தம் செய்யாத தயாரிப்பாளர்கள் பலர் இருந்தனர்.

ஏலத்தில் வாங்குதல்

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் மதிப்பீட்டு வரம்பு தரப்படும். விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த கீழ்வரம்பு விலை ஒன்றும் இருக்கும். பொதுவாக இது மதிப்பீட்டின் கீழெல்லையைத் தாண்டாது. சுத்தியல் விழும் விலை வாங்குபவர் செலுத்தும் இறுதி விலை அன்று. லண்டனில் கிறிஸ்டீஸ், சோதபீஸ் நிறுவனங்கள் 1975இல் வாங்குபவர் மீதும் கட்டணம் விதிக்கத் தொடங்கின. அப்போது அது 10 விழுக்காடு. இன்று பெரிய நிறுவனங்களில் 25 விழுக்காட்டையும் தாண்டுவது உண்டு. சுத்தியல் விலை 10,000 பவுண்டு, கட்டணம் 25 விழுக்காடு எனக் கொண்டால் 2,500 பவுண்டு சேரும். பிரித்தானியாவில் அக்கட்டணத்தின் மீது 20 விழுக்காடு வரியாக 500 பவுண்டும் சேர, மொத்தம் 13,000 ஆகிறது. சிப்பமிடுதலும் அனுப்புதலும் தனிச் செலவு.

நிலை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது அவசியம். ஒரு காலத்து உருண்டை வேறு காலத்துத் தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கலாம். கீற்றுகளின் சிதைந்த பகுதிகளுக்கு நகல் தாள் ஒட்டப்பட்டிருக்கலாம். இத்தகைய செப்பனிடுதல் தவறன்று, மறைப்பதுதான் தவறு. 16ஆம் நூற்றாண்டுப் படங்களின் நகலை ஒட்டி, திறந்தால் மதுக்குப்பிகள் வைக்கும் இத்தாலிய உருண்டைகள் 20ஆம் நூற்றாண்டின் அலங்காரப் பொருட்களே. இவற்றைப் பழம்பொருள் என எண்ணி வாங்கி ஏமாறுவோர் உண்டு.

வால்ட்சீமுல்லர் கீற்றுகளும் போலியும்

போலிகள் எளிய வாங்குநரை மட்டும் ஏமாற்றுவதில்லை. வால்ட்சீமுல்லரின் 1507ஆம் ஆண்டுக் கீற்றுப்படத்தின் படிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் போர்ட் பெல் நூலகத்தில் உள்ளது. 2005இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு படி 5,45,600 பவுண்டுக்கு விலைபோனது. 2017 டிசம்பரில் இன்னொரு படி 6 முதல் 9 இலட்சம் பவுண்டு மதிப்பீட்டில் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டது. பட வணிகர்களும் அறிஞர்களும் அதன் உயர்தரப் படத்தை மினசோட்டாப் படியுடன் ஒப்பிட்டனர். மினசோட்டாப் படியில் தாளில் ஏற்பட்டிருந்த குறை ஒன்று, ஏலப் படியில் அதே இடத்தில் அச்சு விடுபட்ட வெள்ளைக் கோடாகத் தோன்றியது. ஒரு தாளுக்கு மட்டும் நேர்ந்த சேதம் செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ இருக்க வாய்ப்பில்லை. எனவே இது மினசோட்டாப் படியின் நிழற்படத்திலிருந்து செய்யப்பட்ட நகல் என்ற ஐயம் வலுத்தது. கிறிஸ்டீஸ் அதனை ஏலத்திலிருந்து விலக்கிக் கொண்டது.

ஐயம் அத்துடன் நிற்கவில்லை. மியூனிக்கின் பவேரிய அரச நூலகம் 1990இல் 20 இலட்சம் ஜெர்மன் மார்க்குக்கு வாங்கியிருந்த படியும் ஆய்வுக்கு உள்ளானது. அதுவும் 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போலியே என அந்நூலகம் 2018இல் அறிவித்தது.

சட்டம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய பொருட்கள் தொல்பொருள் எனக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய இயலாது. பிரித்தானியாவில் 2018இல் இயற்றப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், தந்தத்தாலான சிறு உருண்டைகளையும் தந்த வேலைப்பாடுள்ள பழம்பொருட்களையும் விற்பதற்குக் கடும் கட்டுப்பாடுகளை விதிக்கிறது.