போனில் வந்த பிரவுசரையே பயன்படுத்த வேண்டுமா?

வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொடுகிறீர்கள். ஒரு பிரவுசர் (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி) அதைத் திறக்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் குரோம். ஐபோன் என்றால் சஃபாரி. அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, போனிலேயே வந்தது. இப்படி நாமாக மாற்றும்வரை கருவி தானே எடுத்துக்கொள்வதை ‘டீஃபால்ட்’ என்பார்கள்.

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே, இதில் என்ன இருக்கிறது? மாற்றலாம்தான். ஆனால் பலரும் மாற்றுவதில்லை என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். சஃபாரியில் தன் தேடுபொறியே டீஃபால்ட்டாக இருப்பதற்காக, 2022-இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது. நாம் அப்படியே விட்டுவிடுவதற்கு அவ்வளவு விலை.

அரசுகள் கேட்பதில்லையா? ஐரோப்பாவில் கேட்டார்கள். 2010-இல் விண்டோஸ் கணினிகளில் ‘எந்த பிரவுசர் வேண்டும்?’ என்று கேட்கும் திரை வந்தது. முதலில் இருப்பதையே மக்கள் தொட்டுவிடக்கூடாது என்று, பெயர்களின் வரிசையையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். 2011-இல் வந்த ஒரு விண்டோஸ் 7 அப்டேட்டில் அந்தத் திரை விடுபட்டுப்போனது. சுமார் 1.5 கோடிப் பேருக்கு அது தெரியவே இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது மைக்ரோசாஃப்ட். ஆனாலும் 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 2024 முதல் அங்கே ஐபோனிலும் இப்படியொரு திரை வருகிறது.

நம் நாட்டில்? ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதன்பின் கூகுள் அறிவித்த தேர்வுத் திரை தேடுபொறிக்குத்தான், பிரவுசருக்கு அல்ல. ஆகவே பிரவுசரை நீங்களேதான் தேடிப்போய் மாற்ற வேண்டும்.

மாற்றினால் எனக்கு என்ன லாபம்? முதல் லாபம், விளம்பரத் தொல்லை குறையும். செய்தி படிக்கப் போனால் பாதித் திரையை விளம்பரம் மறைக்கிறது. மூடும் குறியைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைச் செயலி) போட வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸில் போடலாம், விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்தால் பக்கம் சீக்கிரம் திறக்கும், டேட்டாவும் மிச்சம். பிரேவ் தானாகவே தடுக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ‘உலா’, நம்மைப் பின்தொடரும் நிரல்களைத் தடுக்கிறது. குழந்தைகளுக்கென்று தனி முறையும் அதில் உண்டு.

வங்கித் தளம் இவற்றில் வேலை செய்யுமா? ஆண்ட்ராய்டில் எட்ஜ், பிரேவ், ஓபெரா, உலா எல்லாமே குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை. குரோமில் ஓடும் தளம் பொதுவாக இவற்றிலும் ஓடும். ஃபயர்ஃபாக்ஸ் தனி இன்ஜின் (பக்கத்தை வரைந்து காட்டும் உள்பகுதி) கொண்டது. அபூர்வமாக ஏதாவது தளம் அதில் முரண்டு பிடிக்கலாம். குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துத் தளத்தை வெளியிடுகிறவர்கள் செய்யும் தவறு அது. எல்லாரும் குரோமை மட்டுமே மனதில் வைத்துத் தளம் கட்டிவிடக்கூடாது, அதற்காகவே ஃபயர்ஃபாக்ஸ் பிழைத்திருக்க வேண்டும் என்பேன்.

எப்படி மாற்றுவது? ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப் என்று வரிசையாகப் போங்கள். சில போன்களில் பெயர் சற்று மாறியிருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘டீஃபால்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கிடைத்துவிடும்.

மாற்றியும் லிங்க் புதிய பிரவுசரில் திறக்கவில்லையா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை தங்களுக்குள்ளேயே பக்கத்தைத் திறக்கும். அங்கே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், வெளி பிரவுசரில் திறக்கும் வழி இருக்கும்.

பாஸ்வேர்டுகள் போய்விடுமா? போகாது. ஒரு ஃபைலாக வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றலாம். ஆனால் அந்த ஃபைலைத் திறக்கும் எவரும் எல்லாப் பாஸ்வேர்டையும் படித்துவிட முடியும். ஏற்றிய கையோடு அதை அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். பழைய பிரவுசரை மட்டும் சில நாள் வைத்திருங்கள். புதியது ஒத்துவராவிட்டால் அதே செட்டிங்ஸில் போய்த் திரும்பி வந்துவிடலாம்.