மலைச் சுவர்கள் – 9
தேன்பாறையும் பாப்பாவின் அறையும்

கோத்தகிரிப் பக்கத்து மலைச்சரிவில் வெள்ளரிக்கோம்பை என்றொரு சிற்றூர். ஆலுக்குறும்பர் என்ற பழங்குடியினரின் ஊர். அதை அடுத்த காட்டில் எழுத்துப்பாறை இருக்கிறது. அந்தப் பாறையில் மங்கிக் கிடக்கும் சித்திரங்களைத் தங்கள் முன்னோர் தீட்டியவை என்கிறார்கள் குறும்பர்கள். பாறையில் இருந்தது வீட்டு மண்சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அதே ஊரின் ஆர். கிருஷ்ணன்.

குன்னூரிலும் ஊட்டியிலும் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போது "குழந்தை ரூமுக்கு ஒரு கேன்வாஸ் வரைந்து வாங்கணும்" என்று ஆள் தேடுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் ஓவியரிடம் போகும்போது கைப்பேசியில் ஒரு சிங்கக்குட்டிப் படத்தையும் கொண்டுபோகிறார்கள். சிங்கமே இல்லாத மலையில், காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நடந்துபோகிற மலையில், குழந்தை கண் விழிக்கும் சுவரில் எதற்கு யாரோ எங்கோ வரைந்த சிங்கம்?

குறும்பர் சித்திரம் வீட்டுச் சுவருக்குப் புதிதல்ல. விழா நாட்களில் கோயில் சுவரிலும் வீட்டு வெளிச்சுவரிலும் பூசாரி வழிவந்த ஆண்கள் வரைவார்கள். வாசலையும் ஜன்னலையும் சுற்றி அழகுசெய்வது பெண்களின் வேலை. நிறங்கள் நான்கு: செம்மண்ணின் சிவப்பு, வெள்ளை மண், கரிமரப் பட்டையின் கறுப்பு, காட்டவரை இலையின் பச்சை. தூரிகைக்குப் பதில் துணித்துண்டு. காகிதத்துக்கு வந்த பிறகு வேங்கை மரத்தின் பாலைக் காய்ச்சி எடுக்கும் பழுப்பு, இந்தப் படங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நான்கில் நீலம் இல்லை, ரோஜா நிறமும் இல்லை. பையன் அறைக்கு இது, பெண் அறைக்கு அது என்ற கடைக்கணக்கு இங்கே செல்லாது. இந்தச் சித்திரத்தின்மேல் எனக்கு முதலில் மரியாதை வந்தது அதனால்தான்.

அவர்கள் திரும்பத் திரும்ப வரைவது தேன் எடுப்பதை. செங்குத்துப் பாறையில் பெருந்தேனீக்கள் கட்டிய அடைகள் வரிசையாகத் தொங்கும். காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணியில் ஒருவர் இறங்குவார். புகை போடுகிறவர், கூடை தாங்குகிறவர், கீழே காத்திருக்கும் பெண்கள் என்று எல்லோரும் ஒரே படத்துக்குள். உருவங்கள் சில கோடுகளில் முடிந்துவிடும். முகத்தில் விவரம் இராது. இவர்தான் நாயகன் என்று யாரையும் பெரிதாக்கிக் காட்டுவதும் இல்லை. குழந்தைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சிரித்த முகத்தோடு நம்மையே பார்க்கும் கார்ட்டூன் பொம்மையை ஒரு முறை பார்த்தால் தீர்ந்துபோகும். இந்தப் படத்தில் யார் யாரைக் கூப்பிடுகிறார், கூடையில் தேன் நிறைந்ததா, மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றைக் கேட்கலாம்.

கயிறு பிடிப்பவர் மச்சினன். பாறையில் தொங்குகிறவரின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோ. தன் அக்காள் தங்கை தாலி அறுவதற்கு அவன் விடமாட்டான் என்பது தேன் எடுப்பவர்களின் நம்பிக்கை. உறவு என்றால் என்ன என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது.

ஆகவே படம் சொல்லி வரைவிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். என்ன வரைய வேண்டும் என்று ஓவியரிடம் சொல்லாதீர்கள். குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். எதைக் கண்டால் பயம், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், கட்டில் எந்தப் பக்கம், படுத்தபடி பார்த்தால் கண் எந்த உயரத்துக்குப் போகும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். மரநாயைப் பார்த்த பிள்ளையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். மற்றதை அவரிடம் விட்டுவிடுங்கள். தெய்வ உருவத்தை மட்டும் அலங்காரமாகக் கேட்க வேண்டாம். அது அந்த ஊரின் வழிபாடு. படுக்கையறைச் சுவரில் மாட்டும் பொருளல்ல. பொருள் செலவுக்கு முன்பணம் கொடுங்கள். பேசிய தொகையைப் படம் முடிந்தபின் குறைக்காதீர்கள்.

இனி துணியின் பாடு. சமவெளியில் வரைவதும் மாட்டுவதும் வேறு, இங்கே வேறு. குன்னூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வியர்க்கும். வெளிப்பக்கத்துச் சுவரில் கேன்வாஸை ஒட்டி மாட்டினால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும், முன்பக்கம் பார்க்கிறவருக்குத் தெரியாது. உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் நான்கு மூலையிலும் தக்கை வைத்து ஒரு விரல் அளவு காற்றோட்டம் விட வேண்டும். சட்டத்து மரம் நன்றாக உலர்ந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். பச்சை மரம் ஒரு மழைக்காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும். பருத்தித் துணியில் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசிய பிறகே வண்ணம். எண்ணெய் வண்ணம் இந்தக் குளிரில் காய்வதற்கு நாளாகும், டர்பன்டைன் நெடியும் குழந்தை அறைக்கு ஆகாது. அக்ரிலிக் நல்லது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு: ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனால் படலம் சரியாக இறுகாது. உறைபனி கொட்டும் மார்கழி, தை மாதத்து ஊட்டிக் காலையில் வரையாமல், வெயில் ஏறியபின் வரைவதே சரி.

இலைப்பச்சை வெயிலில் வெளுக்கும். உயர்ந்த இடத்து வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் இயற்கை வண்ணத்தில் வரைந்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. கடை வண்ணம் என்றால் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மஞ்சளும் சிவப்பும்தான் பெரும்பாலும் சந்தேகத்துக்குரியவை. கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் படத்தைக் குழந்தை தொடும், சுரண்டும். வாயிலும் வைக்கும்.

குழந்தைகளுக்காகவே படமும் பாட்டும் செய்த ஒருவர் இந்த மலைக்கு வந்துபோயிருக்கிறார். எட்வர்ட் லியர், இங்கிலாந்துக்காரர். பிரபு வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வரைந்த கோமாளிப் படங்களை 1846-ல் புத்தகமாக்கியவர். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்து இந்தியா வந்து, 1874-ல் குன்னூரிலும் ஊட்டியிலும் தங்கி வரைந்தார். எந்த இடத்தில் எந்த நிறம் என்று படத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பி, சொல்லிவைத்தவர்களுக்கு ஓவியமாக்கித் தருவது அவர் வழக்கம். அவருடைய இந்தியப் படங்களில் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டில் இருக்கிறது. மலையின் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்து வளரவில்லை.

இன்னொரு சுவரை, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தின் சுவரைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க மனமில்லை. 50 அல்லது அதற்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருக்கும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அம்மா கொழுந்து எடுக்கும் நேரமெல்லாம் பிள்ளை அங்கேதான். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இங்கே வந்து, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அது பழகிய ஏற்பாடு. இலங்கையில் அதன் பெயர் பிள்ளை மடுவம். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் சொந்த அறை என்று ஒன்று இல்லாத பிள்ளைக்குப் பகல் முழுக்கப் பார்க்கக் கிடைக்கும் சுவர் அது ஒன்றே. சுண்ணாம்பு அடிக்கும்போது சுவர்ச் சித்திரம் போய்விடும். கழற்றி மாட்டக்கூடிய கேன்வாஸ் என்றால் நிற்கும். பெரிதாக ஒன்று வேண்டாம், இரண்டடிக்கு மூன்றடியில் நான்கைந்து போதும். தரையில் உட்காரும் பிள்ளையின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி மாட்ட வேண்டும். பிறந்தநாளுக்கு அறை அலங்கரிக்கிறவர்கள் தங்கள் படத்தோடு காப்பகத்துக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லிவைத்தால், வெள்ளரிக்கோம்பையில் வரையத் தெரிந்த கைகளுக்கு வருஷம் முழுவதும் வேலை இருக்கும்.

(தொடரும்)