பின் ஷாக்கப்சர்: பார்வைக்கா, பாரத்துக்கா?

தருமபுரி மாவட்டத்தில் பைக்கின் பின்பக்கத்தில் கை வைப்பவர்கள் இரண்டு ரகம். தக்காளிக் கூடையோ பால் கேனோ கட்டிப் போக வேண்டும், 'ஷாக்கப்ப ஹார்டு பண்ணிக் குடுங்கண்ணா' என்று பட்டறையில் கேட்பவர்கள் ஒரு ரகம். பழைய ஆர்எக்ஸ் 100-க்கு வால் தூக்கி வைக்கும், அல்லது புல்லட்டைத் தரையோடு தாழ்த்தும் இளைஞர்கள் இன்னொரு ரகம். சைலன்சரை மாற்றினால் போலீஸ் காதில் விழும். ஸ்பிரிங்கை மாற்றியது யாருக்கும் தெரியாது. தொப்பூர் கணவாய் இறக்கத்திலோ வத்தல்மலை கொண்டை ஊசி வளைவிலோ பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்போது ஓட்டுபவருக்கு மட்டும் தெரியும்.

ஷாக்கப்சரில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஸ்ப்ளெண்டரில் ஐந்து படி. அதைத் திருகினால் ஸ்பிரிங் ஹார்டாகிவிடும் என்று பட்டறைக்காரர்களே சொல்வதுண்டு. ஆகாது. ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கி நிற்கும், வண்டியின் வால் உயரும், அவ்வளவுதான். கம்பியின் கனம், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை என்ற மூன்றும்தான் ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிக்கின்றன. இதில் கம்பியின் கனம் ஆளை ஏமாற்றும். அதே அகலம், அதே சுற்றில் 7 மி.மீ. கம்பிக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறத்தாழ 70 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பொருள் அல்ல இது.

விறைத்த ஸ்பிரிங்கை மாட்டினாலும் உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய் பழையதுதான். பழைய ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தை அடக்கத்தான் அது செய்யப்பட்டது. புதியது எகிறும்போது அடக்க முடியாமல் பின்பக்கம் தூக்கிப் போடும். கனத்த கம்பியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி குறைவு என்பதால், முழுதாக அமுங்கும் முன்பே சுற்றோடு சுற்று முட்டி நின்றுவிடும். அந்த அடி ஷாக்கப்சர் ராடுக்கும் சேஸில் உள்ள பிடிப்புக்கும் போகும். சுற்றை அறுத்து வண்டியைத் தாழ்த்துவது இதைவிட மோசம். அறுத்த முனை தட்டையாக உட்காராது; கட்டரின் சூட்டில் எஃகின் பதம் போன இடத்தில் விரிசல் விழும். கேஸ் நிரப்பிய ஷாக்கப்சருக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே விடாதீர்கள்.

பாபர் மாடல் என்று ஷாக்கப்சரைச் சாய்த்து மாட்டுபவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஷாக்கப்சர் 1 செ.மீ. அமுங்கச் சக்கரம் 1.2 செ.மீ. ஏறிக்கொண்டிருந்த வண்டியில், சாய்த்த பிறகு 1.5 செ.மீ. ஏறுகிறது என்று வையுங்கள். அதே ஸ்பிரிங், ஆனால் சக்கரத்தில் அதன் பலம் 36 சதவீதம் குறைந்துவிடும். மோனோஷாக் ஸ்பிரிங்கின் எண்ணை இரட்டை ஷாக்கப்சர் ஸ்பிரிங்கோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

எது பொருந்தும் என்று அறிய ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு குறி வரை அளங்கள். ஸ்டாண்டை எடுத்து வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒருமுறை, வழக்கமான பாரத்தோடு நீங்கள் ஏறி உட்கார்ந்து ஒருமுறை. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் சரி. வளையத்தைக் கடைசிப் படிக்குத் திருகியும் அதைவிட அமுங்கினால் ஸ்பிரிங் மென்மை. ஆள் ஏறினால் அளவு சரி, ஆனால் ஆள் இல்லாமல் வண்டி துளியும் அமுங்கவில்லை என்றாலும் மென்மைதான். திருகித் திருகி மறைத்திருக்கிறார்கள். மாற்றினால் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். கம்பெனி சொன்ன மொத்த எடையைத் தாண்டிய பாரத்துக்கு எந்த ஸ்பிரிங்கும் தீர்வில்லை. பிரேக்கும் டயரும் பழையவைதானே.

சட்டத்துக்கு வருவோம். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆர்சியில் வீல்பேஸும் காலி எடையும் இருக்கும், ஸ்பிரிங் இருக்காது. தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே அளவில் புதிது போடுவது பராமரிப்பு. ஸ்விங் ஆர்மை நீட்டினாலோ சேஸில் வேறு இடத்தில் பிடிப்பு வைத்து வெல்டிங் செய்தாலோ அது மாற்றம். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. இன்று ஓடுபவை எல்லாம் 15 ஆண்டைத் தாண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியவை. அந்த ஆய்வில் வெட்டி ஒட்டிய சேஸ் மாட்டினால் செலவு செய்த பணம் வீண்தான்.

இன்சூரன்ஸில் எதிராளிக்கான இழப்பீடு வேறு. உங்கள் வண்டிச் சேத கிளெய்மில்தான் 'சொல்லாமல் மாற்றினீர்கள்' என்று மறுப்பு வரும். மாற்றியிருந்தால் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். மறுத்தாலும் அதோடு முடிந்துவிடவில்லை. வண்டியில் ஏற்றக் கூடாத ஆட்களை ஏற்றியதைக் காட்டி கிளெய்மை மறுத்த நாகராஜு வழக்கில், அந்த மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது. இல்லை என்பதால் நிறுவனம் பணம் தர வேண்டியதாயிற்று. எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஸ்பிரிங் உடைந்தால் கடைக்காரர் கேட்டாலும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உடைந்த முகத்தில் ஓரமாகத் துரு ஏறிய பிறை வடிவம் தெரிந்தால், விரிசல் உங்கள் விபத்துக்கு முன்பே இருந்தது என்று அர்த்தம். அந்தத் துண்டோடு கம்பியின் கனம், வண்டி மாடல், பொருத்துக் கூலி எழுதிய பில் இருந்தால் வழக்குக்கு உயிர் வந்துவிடும். பில் கொடுக்காத பட்டறையில் ஜிபே ரசீதையாவது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கேட்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மனு போடலாம். பொருளுக்கும் வேலைக்கும் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

'பால் ஊற்றும் வண்டி, வியாபாரக் கணக்கு, செல்லாது' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டத்தின் 2(7) விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள்.