இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு "கரண்ட்" வைப்பது ஏன்?

"கித்வாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்."

பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடம் அழுகை தொடங்கிவிடும். 1973-ம் ஆண்டில் ஆரம்பித்த ஓசூர் ரோடு கித்வாய் ஆஸ்பத்திரி என்றால் புற்றுநோய். புற்றுநோய் என்றால் "கரண்ட் வைப்பது". கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருப்பவரிடம், மறுநாளே "கரண்ட் வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? "மூட்டு வியாதி என்றுதானே சொன்னார்கள்! எதை மறைக்கிறார்கள்?" என்று சந்தேகம் வரும். "ஊருக்குப் போய் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வருகிறோம்" என்பார்கள் வீட்டார். தர்மபுரிக்கோ வேலூருக்கோ போய்த் திரும்ப நாலு நாள் ஆகும். அதற்குள் காரியம் கெட்டுவிடும்!

தசைக்குள் எலும்பு

தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தும் முறையை 1962-ல் நிலைநாட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. லட்சக்கணக்கானவர்களை நடக்க வைத்த ஆபரேஷன் இது. ஆனால் சிலருக்கு ஒரு விபரீதம் நேருகிறது. ஆபரேஷனில் காயம்பட்ட தசை, தழும்பாக ஆறுவதற்குப் பதில் எலும்பாக மாறுகிறது!

பெரும்பாலும் எக்ஸ்ரேயில் சிறு புள்ளிகளாகத் தெரிவதோடு சரி. தொந்தரவு இல்லை. சிலருக்கு மட்டும் தொடை எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே பாலம் போட்டதுபோல வளர்ந்து, புது மூட்டையே பூட்டிவிடும். நாற்காலியில் உட்கார முடியாது. பஸ் படி ஏற முடியாது. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. 1973-ல் புரூக்கர் என்ற டாக்டர் இந்த வளர்ச்சியை நாலு படியாகப் பிரித்தார். மூட்டு பூட்டிக்கொள்வது நாலாவது படி.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? முதுகெலும்பு இறுகும் வாதநோய் உள்ளவர்கள், ஏற்கனவே மற்ற இடுப்பில் இப்படி எலும்பு வளர்ந்தவர்கள், விபத்தில் இடுப்புக் கிண்ணம் நொறுங்கி ஆபரேஷன் ஆனவர்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

72 மணி நேரம்

எலும்பை உண்டாக்கும் செல்கள் பெருகுவதைக் கதிர்வீச்சு தடுக்கிறது. உண்டாகிவிட்ட எலும்பைக் கரைக்க அதனால் ஆகாது. ஆகவே ஆபரேஷன் முடிந்த 72 மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிய சில வாரங்கள் ஆகும். தெரிந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. அந்த எலும்பு முற்றும்வரை காத்திருந்து, இன்னொரு ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் கவென்ட்ரியும் ஸ்கேன்லனும் 9 ஆண்டு அனுபவத்தை 1981-ல் வெளியிட்டார்கள். அவர்கள் 10 தடவையாக 2,000 ராட் கொடுத்தார்கள். ஒரே தடவை 800 ராட் போதும் என்று 1992-ல் தெரிந்தது. இன்றைய கணக்கில் அது 8 கிரே. வாய்ப் புற்றுநோய்க்கு 6, 7 வாரம் தொடர்ந்து 60 முதல் 70 கிரே வரை கொடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பெயர்தான் கரண்ட். ஷாக் அடிக்காது, வலிக்காது, தலைமுடி கொட்டாது. சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதற்காக எல்லோருக்கும் வைத்துவிடுவதில்லை. கதிர்வீச்சால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியதுதான். ஆனாலும் வயது குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் யோசித்தே கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இண்டோமெத்தசின் மாத்திரையைச் சில வாரம் சாப்பிடுவது இன்னொரு வழி. செலவு குறைவு. ஆனால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு ஆகாது. ஷிப்டு வேலையிலும் ஓட்டல் சாப்பாட்டிலும் வயிற்றைக் கெடுத்துக்கொண்ட நம்மவர்கள் எத்தனை பேர்!

முன்கூட்டியே கேளுங்கள்

கதிர்வீச்சு எந்திரம் எல்லா எலும்பு ஆஸ்பத்திரியிலும் இருக்காது. பெங்களூரில் எலும்புக்கு ஜெயநகர் சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரி, புற்றுநோய்க்கு கித்வாய் என்று தனித்தனியாக இருக்கின்றன. எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனாலும், எந்திரம் அங்கே இல்லை என்றால், பச்சைக் காயத்தோடு ஆம்புலன்சில் வேறு இடம் போக வேண்டி வரும். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பே வைத்துவிடும் முறையும் உண்டு. அதுவும் பலன் தருகிறது. எது தோதுப்படும் என்பதை தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடலாம். மற்ற இடுப்பில் முன்பு எலும்பு வளர்ந்திருந்தால், அந்தப் பழைய எக்ஸ்ரேயை ஊரிலிருந்து வரவழைத்து அப்போதே காட்ட வேண்டும்.

கையில் கொடுக்கும் சீட்டு இங்கிலீஷிலோ கன்னடத்திலோ இருக்கும். என்ன காரணத்துக்காக அனுப்புகிறார்கள் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். வார்டில் தமிழ் தெரிந்த நர்சோ கம்பவுண்டரோ இல்லாமல் இருக்க மாட்டார்கள். ஊருக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் அதைப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.