‘யார் இந்த ஆள்?’: செல்டிக் ரசிகர்களும் வெளிநாட்டு முகாமையாளர்களும்

2021 ஜூன் 10ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் செல்டிக் உதைபந்தாட்டக் கழகம் தனது புதிய முகாமையாளரை அறிவித்தது. பெயர் ஏஞ்ச் பொஸ்டெகொக்லு. கிரேக்கத்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அப்போது ஜப்பானில் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் பெரிய கழகம் எதையும் அவர் வழிநடத்தியிருக்கவில்லை. கிளாஸ்கோ நகரில் எழுந்த முதல் கேள்வி, “யார் இந்த ஆள்?” என்பதுதான். இப்படிப்பட்டவர்களை எங்கிருந்து பிடித்து வருகிறார்கள் என்று முன்னாள் வீரர் ஒருவர் வானொலியிலேயே கேலியாகக் கேட்டார்.

அந்த ஆள் ஜப்பானில் 2019ஆம் ஆண்டின் லீக் சம்பியன் பட்டத்தை வென்றவர். அவுஸ்திரேலியத் தேசிய அணிக்கு 2015இல் ஆசியக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தவர். இவையெல்லாம் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கக்கூடிய தகவல்கள். ஆனாலும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அவரை விட்டுவிட்டு, அவரை அழைத்து வந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய பருவகாலத்தில் செல்டிக் தொடர்ச்சியாகப் பத்தாவது லீக் பட்டத்தை வெல்லக் காத்திருந்தது. ஸ்கொட்லாந்தில் எந்தக் கழகமும் அதைச் செய்ததில்லை. கொவிட் காரணமாக மைதானக் கதவுகள் மூடியிருக்கும் என்று தெரிந்தும், பல்லாயிரம் பேர் முழுப் பருவகாலத்துக்குமான நுழைவுச்சீட்டை வாங்கினார்கள். கழகம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். முடிவில் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் ஒரு போட்டியிலும் தோற்காமல், 25 புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துச் சென்றது. பெப்ரவரியில் முகாமையாளர் விலகினார். நிர்வாகம் இங்கிலாந்தின் எடி ஹோவுடன் வாரக்கணக்கில் பேசியது. மே மாத இறுதியில் அவர் வரவில்லை என்றானது. அடுத்த பருவகாலத்துக்கு மீண்டும் காசு கட்டும்படி ரசிகர்களிடம் கேட்கும் நேரத்தில்தான் யாரும் எதிர்பாராத ஒரு பெயர் வந்தது.

கழகத்தைத் தங்களுடையது என்று நினைக்கும் ரசிகருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. முகாமையாளரைத் தெரிவு செய்வது சில பணிப்பாளர்கள். அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள். புதிதாக வந்தவர்தான் மைதானத்தின் ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறார். ஆகவே நிர்வாகத்துக்குரிய கோபம் அவர் தலையில் விழுகிறது. அவர் வெளிநாட்டவர் என்றால் கோபத்துக்குச் சொற்கள் தேடவும் வேண்டியதில்லை. பெயர், நாடு, உச்சரிப்பு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்தச் சொற்களைப் பெரும்பாலும் ரசிகர்களுக்கு முன்பே பத்திரிகைகள் செய்துகொடுத்துவிடும். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் வெளியேயிருந்து வந்த செல்டிக்கின் முதல் முகாமையாளர் ஒல்லாந்தரான விம் ஜான்சன். ஆண்டு 1997. அவர் முன்னர் ஹிரோஷிமா நகரக் கழகம் ஒன்றைப் பயிற்றுவித்தவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, அந்த நகரத்தின் மீது அணுகுண்டுக்கு அடுத்தபடியாக விழுந்த கேடு இவர்தான் என்ற பொருளில் ஒரு பகிடி அச்சேறியது. குண்டு விழுந்த ஊர்களில் பிறந்த எங்களுக்கு அதைப் படிக்கச் சிரிப்பு வரவில்லை. இத்தனைக்கும் ஜான்சன் இரண்டு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் ஆடியவர். 1970 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் செல்டிக்கையே தோற்கடித்த ஃபெயனூர்ட் அணியில் இருந்தவர். அவர் 650,000 பவுணுக்கு வாங்கிய ஹென்றிக் லார்சன் பின்னர் செல்டிக்கின் பெருமைகளில் ஒருவரானார். ரேஞ்சர்ஸின் பத்தாவது தொடர் பட்டத்தை ஜான்சனின் அணி 1998 மே மாதம் தடுத்தது. இரண்டே நாட்களில் அவர் விலகினார். நிர்வாகத்தோடு ஒத்துவரவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் ஜோசப் வெங்லோஷ். செக்கோஸ்லோவாக்கியாவை 1990 உலகக் கிண்ணக் காலிறுதிக்கு அழைத்துச் சென்றவர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் அஸ்டன் வில்லாவைப் பொறுப்பேற்று ஒரு பருவகாலத்தோடு திரும்பியவர். ஆங்கிலத்தில் செக் நாட்டவரைக் குறிக்கும் சொல்லும் வங்கிக் காசோலையைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஓசையுடையவை. அதை வைத்து ‘வெற்றுக் காசோலை’ என்று ஒரு தலைப்பு வந்தது. அவர் செக் நாட்டவரே அல்லர், ஸ்லோவாக்கியர். சிலேடை கிடைத்தவுடன் உண்மையைச் சரிபார்க்க மறப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல.

அப்போதும் ரசிகர்களின் உண்மையான கோபம் உரிமையாளர் ஃபேர்கஸ் மக்கான் மீதுதான். வங்குரோத்தின் விளிம்பிலிருந்த கழகத்தை 1994இல் மீட்டு, மைதானத்தை 60,000 இருக்கைகளோடு கட்டியெழுப்பியவர் அவர். ஆனாலும் 1998 ஓகஸ்டில் அவர் சம்பியன் கொடியை ஏற்றியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ஜான்சனைப் போகவிட்டது ஏன், பணத்தைப் பூட்டி வைத்திருப்பது ஏன் என்பவை அவர்களது கேள்விகள். அந்தச் சூழலில் வெங்லோஷ் வெறும் 300,000 பவுணுக்கு லூபோமிர் மொராவ்சிக் என்ற 33 வயது ஸ்லோவாக்கியரைக் கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்த பழைய கூட்டாளி என்று கேலி செய்தார்கள். நவம்பர் 21ஆம் திகதி செல்டிக் ரேஞ்சர்ஸை 5-1 என்று வென்றது. மொராவ்சிக் இரண்டு கோல்கள். அதன் பின் அவரைக் கேலி செய்தவர்களைத் தேடிப் பிடிக்க முடியாமல் போனது. ஆனாலும் அந்தப் பருவகாலத்தின் எல்லாக் கிண்ணங்களும் ரேஞ்சர்ஸுக்கே போயின. வெங்லோஷும் ஓராண்டோடு போனார்.

செல்டிக் யாருடைய கழகம் என்று தெரிந்தால் இந்தக் கதை இன்னும் உறுத்தும். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வந்து குவிந்த ஏழைக் கத்தோலிக்கர்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதற்காக, வால்ஃபிரிட் என்ற ஐரிஷ் துறவி 1887இல் தொடக்கியது அது. உள்ளூர்வாசிகளுக்கு அந்த மக்கள் வந்தான் வரத்தான்கள். இடம்பெயர்ந்து இன்னொரு ஊரில் கிணற்றடியில் வரிசையில் நின்றவர்களுக்கு, “நீங்கள் எவடம்?” என்ற கேள்வி எத்தனை விதமான குரல்களில் வரும் என்று தெரியும். 1967இல் செல்டிக் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது, அணியிலிருந்த 11 பேரும் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். வந்தவர்களின் கழகம் எண்பது ஆண்டுகளில் மண்ணின் மைந்தர்களின் கழகமாகிவிட்டது. அந்தப் பெருமைதான் வெளியாளை அளக்கும் கோலும் ஆனது. அந்த அணியை வழிநடத்திய ஜொக் ஸ்டீன், செல்டிக்கின் முதல் புரட்டஸ்தாந்து முகாமையாளர் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

பொஸ்டெகொக்லுவும் புலம்பெயர்ந்த பிள்ளைதான். கிரேக்கத்தில் 1967 இராணுவப் புரட்சிக்குப் பின் தொழிலை இழந்த குடும்பம் 1970இல் மெல்பேர்னுக்குக் கப்பலேறியது. அவருக்கு அப்போது ஐந்து வயது. கிரேக்க மக்கள் கூடும் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில்தான் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைக் கற்றார்.

தொடக்கம் அவருக்குச் சரியாக அமையவில்லை. சம்பியன்ஸ் லீக் தகுதிகாண் சுற்றில் டென்மார்க்கின் மிட்யூலாண்டிடம் வெளியேற்றம். முதல் ஆறு லீக் போட்டிகளில் மூன்று தோல்விகள். ஆனால் ரசிகர்கள் பொறுத்திருந்தார்கள். காரணம் சாதாரணமானது. தோற்கும்போதும் அணி முன்னோக்கியே ஆடியது. பார்க்க நன்றாக இருந்தது. முந்தைய ஆண்டு தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். ஜப்பானிய வீரர்களை அவர் கொண்டுவந்தபோது சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 2022 பெப்ரவரி 2ஆம் திகதி ரேஞ்சர்ஸுக்கு எதிராக ரியோ ஹதாதே இரண்டு கோல்கள் போட்டார். செல்டிக் 3-0 என்று வென்று முதலிடத்துக்கு ஏறியது. மே மாதம் பட்டம். அடுத்த ஆண்டு உள்நாட்டின் மூன்று கிண்ணங்களும்.

2023 ஜூனில் அவர் லண்டனின் டொட்டன்ஹாமுக்குப் போனார். அங்கும் அதே கேள்வி கேட்கப்பட்டது. 2025 மே 21இல் அவர் அந்தக் கழகத்துக்கு ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்றுகொடுத்தார். லீக்கில் 17ஆம் இடம் என்பதால் 16 நாட்களில் நீக்கப்பட்டார்.

செல்டிக்கில் அவர் இடத்துக்கு வந்தவர் வெளிநாட்டவர் என்று யாரும் சொல்லக்கூடியவர் அல்லர். பிரென்டன் ரொஜர்ஸ், வட அயர்லாந்துக்காரர், சிறுவயதிலிருந்தே செல்டிக் ரசிகர், கழகத்தின் முன்னாள் முகாமையாளரும்கூட. “யார் இந்த ஆள்?” என்று கேட்க வழியே இல்லை. ஆனால் 2019இல் அவர் பருவகாலத்தின் நடுவில் லெஸ்டருக்குப் போன மறுநாளே ரசிகர்கள் பதாகை பிடித்திருந்தார்கள். அவர் ஒருநாளும் செல்டிக்காரனாக இருந்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது.